பொட்டு வைத்த டிஸ்குகளும் ஜமீலா மேடமும்

செவ்வாய்க்கிழமை காலையில் பிளேட் அறையில் நின்று ஒரு முருகன் காலண்டரின் மஞ்சள் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பார்த்தால் ஜமீலா மேடம் நம்பர். “மேடம், செத்த நேரம் கழிச்சுப் பேசட்டுமா, கையில பிளேட் இருக்கு” என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தது அவருடைய தம்பி சாகுல். “அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாக. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு எந்திரிச்சவுக நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு” என்றார். நான் என்ன பதில் சொன்னேன், பிளேட்டை எங்கே வைத்தேன், எதுவும் நினைவில்லை. எங்கள் முதலாளியின் அறைக்குப் போய் வாசலிலேயே நின்றேன். என் முகத்தைப் பார்த்து அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

மேடத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சிவகாசியில் காலண்டரும் டைரியும் அடிக்கிற எங்கள் அச்சகத்தில் டிசைனும் பிளேட்டும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஜமீலா பேகம் அவர்களின் பொறுப்பு. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பம். படித்துவிட்டுச் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தவர், அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வாதம் வந்து படுத்ததும் ஊருக்குத் திரும்பினார். தினமும் காலையில் விருதுநகர் பஸ்ஸில் வந்து இறங்குவார். தடித்த கண்ணாடி, தலையில் முக்காடு, தோளில் ஒரு கனத்த பை. அந்தப் பைக்குள் ஸ்க்ரூடிரைவர் கட்டாயம் இருக்கும், வாரத்தில் இரண்டு நாளாவது எண்ணெய் புரோட்டாவும் இருக்கும். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். சாகிற வயதா அது?

அவர் வந்து சேர்ந்த புதிதில் எங்களிடம் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு டிஸ்க். லட்சுமி படம் ஒருத்தி கம்ப்யூட்டரில், அதன் பார்டர் இன்னொருத்தனிடத்தில், கடைக்காரர் பெயர் மூன்றாவது ஆளிடத்தில் கிடக்கும். ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டால் அன்றைக்கு ஒரு வீட்டு இழவு மாதிரிதான் இருக்கும். மேடம் வந்து ஆறு மாதத்தில் முதலாளியைச் சம்மதிக்க வைத்து ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். இழுப்பறை மாதிரி எட்டு டிஸ்க் அதில் வரிசையாகச் சொருகியிருக்கும். எட்டும் சேர்ந்து ஒரே பெரிய டிஸ்க் மாதிரி வேஷம் போடும். பிறகு அந்தப் பெரியதையே கூறு போட்டு, டிசைனுக்கு இவ்வளவு, கணக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனி டிஸ்க் மாதிரி கொடுக்கும். உண்மையில் எந்த ஃபைல் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று கேட்டால், துண்டு துண்டாக எல்லாவற்றிலும் இருக்கிறது என்பதுதான் பதில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் முன்கோபக்காரன் என்பது எங்கள் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். “என்ன மேடம் இது, கோட்டித்தனமா இருக்கு? அம்புட்டையும் ஒரே பெட்டியில போட்டா, பெட்டி போச்சுன்னா அம்புட்டும் போச்சே?” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. “நல்ல கேள்விண்ணே. இந்தப் பயம் உங்களுக்கு எப்பவும் இருக்கட்டும்” என்றார். பிறகு மண்டிப் பாஷையில் விளக்கினார். “எங்க அத்தா மண்டியில ஏழு மூட்டை வத்தல் கிடக்குன்னு வைங்க. ஏழுக்கும் ஏழு எடைச் சீட்டு. எட்டாவதா ஒரு சீட்டுல மொத்த எடை. ஏழுல ஒரு சீட்டு தொலைஞ்சு போனா என்ன செய்வீக? மொத்தத்துல இருந்து மத்த ஆறையும் கழிச்சா அது வந்திரும்ல? இந்தப் பெட்டி அந்தக் கணக்கைத்தான் ராப்பகலா போட்டுக்கிட்டே இருக்கு. ஒரு டிஸ்க் செத்தாலும் மத்த ஏழும் சேர்ந்து அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லிரும்.”

“ரெண்டு தொலைஞ்சா?”

“ரெண்டு தொலைஞ்சா கணக்கு நிக்காது. ரெண்டு தொலையாம பாத்துக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

முதல் சீசனிலேயே அவரோடு எனக்குப் பெரிய சண்டை வந்தது. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஊர் ஊராக ஏஜெண்டுகள் ஆர்டரை அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு கடைக்கும் அதன் பெயரும் விலாசமும் படத்துக்குக் கீழே ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் பெட்டி ஆமையாக ஊர ஆரம்பித்தது. ஒரு சரஸ்வதி படத்தை சேவ் செய்தால், டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. டிசைனர்கள் என்னைப் பார்க்க, நான் மேடத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். வேகத்துக்காக, எழுத வேண்டியதை முதலில் தன் நினைவில் வாங்கிக்கொண்டு “எழுதிட்டேன்” என்று பெட்டி சொல்லிவிடும். டிஸ்கில் எழுதுவது அப்புறம்தான். நடுவில் கரண்ட் போனால் அந்த நினைவு அழியாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன பேட்டரி உண்டு. அந்த பேட்டரி செத்துப்போயிருந்தது. செத்தது தெரிந்ததும் பெட்டி தானாகவே ஜாக்கிரதைக்கு மாறிவிட்டது. டிஸ்கில் உண்மையாகவே எழுதி முடித்த பிறகுதான் “எழுதிட்டேன்” என்றது. பெட்டி விற்ற கம்பெனிக்காரர் போனில், “பேட்டரி வரப் பத்து நாளாகும். அதுவரை ஒரு செட்டிங்கை மாத்துனா பழைய வேகம் வந்திரும்” என்றார். முதலாளி உடனே, “அப்ப மாத்திருங்க மேடம், சீசன் நேரம்” என்றார். நானும் தலையாட்டினேன்.

“மாத்த மாட்டேன் அண்ணாச்சி” என்றார் மேடம்.

“ஜெனரேட்டர் இருக்கு, அது இருக்கு, இது இருக்கு. அப்புறம் என்ன மேடம் பயம்?” என்றார் முதலாளி.

“கரண்ட் போயி ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும் இடையில இருக்கே, அந்தச் செத்த நேரம், அதுக்குத்தான் பயம். எழுதாததை எழுதிட்டேன்னு சொல்ற பெட்டியை நான் இங்கன வச்சிருக்க மாட்டேன். வேகம் குறைஞ்சா உங்களுக்குக் கோபம் வரும். ஃபைல் போனா என்ன வரும்னு யோசிச்சுப் பாருங்க.”

அவர் வேறு வழியில் வேகத்தைக் கொண்டுவந்தார். ஒரு பகல் முழுக்க டிசைனர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எப்போது எதைத் திறக்கிறார்கள் என்று பார்த்தார். மறுநாள் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தார். அங்கே காலையில் வந்ததும் கிடங்கு இருப்பு முழுவதற்கும் ரிப்போர்ட் எடுக்கிற பழக்கம் இருந்தது. அதே நேரத்தில் வைரஸ் பார்க்கிற வேலையும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் கிளம்பிக்கொண்டிருந்தது. வேறு வேறு ஆட்கள் வேறு வேறு அறையில் செய்கிற வேலை, ஆனால் அத்தனையும் போய் இடிப்பது அந்த எட்டு டிஸ்கில்தான். ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு நேரத்துக்கும், வைரஸ் வேலையை எல்லாரும் வீட்டுக்குப் போன ராத்திரி நேரத்துக்கும் தள்ளினார். படங்களுக்குத் தற்காலிகமாக வேண்டிய இடத்தை அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒதுக்கினார். சரஸ்வதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பேட்டரி வருவதற்குள், மழை காற்று எதுவும் இல்லாமலே, நாலு தடவை கரண்ட் போனது. ஒரு ஃபைலில் ஒரு கீறல் விழவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். மேடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுவது அந்த வாரத்துக்காகத்தான்.

சிவகாசியில் ஆயுத பூஜை என்றால் அச்சகத்தில் எல்லா இயந்திரமும் நிற்கும். ரோலர், கத்தி, பைண்டிங் ஊசி எல்லாவற்றையும் தின்னர் போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள் விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் முதலாளி கையால்தான் ஸ்விட்ச் போட வேண்டும். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் அதே நாட்களில் வந்தது. மேடம் முந்தின நாள் மாலையே எல்லாவற்றையும் முறையாக நிறுத்திவிட்டு, “பெட்டிக்கு மேல பொட்டு வச்சுக்கிருங்க. தண்ணி மட்டும் தெளிச்சிராதீக” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

எங்கள் முதலாளி பக்திமான். அதிலும் அந்தப் பெட்டி மேல் அவருக்குத் தனிப் பிரியம். வெளியே மட்டும் பொட்டு வைக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே இருந்து வேலை செய்வது டிஸ்குகள்தானே, அவைகளுக்கல்லவா பொட்டு வேண்டும்? கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக உருவினார். எட்டையும் தாம்பாளத்தில் அடுக்கினார். மேடம் ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒன்று முதல் எட்டு வரை ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கர்கள் அவர் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்திருக்கின்றன. தின்னர் துணியால் அதையும் சுத்தமாகத் துடைத்தார். சந்தனம், குங்குமம், கற்பூர ஆரத்தி எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பிறகு வரிசை பார்க்காமல் கைக்கு வந்தபடி திரும்பச் சொருகிவிட்டார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் முதலாளி ஸ்விட்சைப் போட்டார். இயந்திரங்கள் ஓடின. பெட்டி மட்டும் ஓடவில்லை. இந்த டிஸ்குகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்று திரையில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நின்றது. “நல்ல நாள்ல புதுசா ஆரம்பிக்கட்டுமான்னுதானே கேக்குது, ஆம்னு போடு” என்று முதலாளி விரலைக் கொண்டு போனார். நான் குறுக்கே கையை நீட்டினேன். “அண்ணாச்சி, மேடத்துக்கு ஒரு வார்த்தை” என்று போனைப் போட்டேன்.

மேடம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். திரையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். தாம்பாளத்தில் நடந்ததையும் சொன்னேன். பஸ் ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தினார். “யாரும் எதையும் தொடாதீக. அண்ணாச்சிகிட்டயும் சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க” என்றார். முதலாளி உட்பட நாங்கள் அத்தனை பேரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

என்ன போக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். காப்பி எடுத்து வைக்கிற டேப் கருவி ஆடியிலேயே ரிப்பேராகிச் சென்னைக்குப் போயிருந்தது, திரும்பி வந்தபாடில்லை. ஆடிப்பெருக்குக்குப் பிறகு வந்த ஆர்டர், கடைப் பெயர், டிசைன் அத்தனையும் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. அது போனால் சீசனே போச்சு. எனக்கும் டிசைனர்களுக்கும் வேறு அச்சகத்தில் வேலை கிடைக்கும். பைண்டிங்கில் காலண்டர் விளிம்புக்குத் தகரம் அடிக்கிற பெண்களுக்குத்தான் போக்கிடம் கிடையாது. ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். பாதிப் பேர் பட்டாசு ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் பட்டாசு ஆபீஸில், வெடிமருந்து வேலை பார்த்துவிட்டு, பயந்து இங்கே வந்தவர்கள். அதில் மாரியம்மாள் என்று ஒருத்தி. அவள் தங்கை பட்டாசு ஆபீஸ் விபத்தில் கருகிச் செத்தவள். அன்று மத்தியானம் மாரியம்மாள் என்னிடம் வந்து நேராகவே கேட்டாள்.

“அண்ணாச்சி, வேலை இருக்கா இல்லையா, ஒரு வார்த்தையில சொல்லிருங்க. தீவாளி நெருங்குதுன்னு வெம்பக்கோட்டைப் பக்கம் மருந்து வேலைக்கு ஆள் கூப்புடுறாக. இங்கன இல்லைன்னா நாளன்னைக்கு அந்த வேன்ல ஏறணும்.”

நான் உள்ளே போய் மேடத்திடம் அதை அப்படியே ஒப்பித்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு டிஸ்கின் முகப்பிலும் டேப் ஒட்டி, இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கச் சொல்லுங்கண்ணே. வேன் ஏற வேணாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க” என்றார். அவருடைய குரல் நடுங்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த டிஸ்கில் டேப் ஒட்டக் குனிந்தார். நோன்பு வைத்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படாதவர்.

முதலில் அவர் செய்த காரியம் எங்கள் எல்லாருக்கும் எரிச்சலைத்தான் கொடுத்தது. மதுரைக்கு ஆள் அனுப்பி எட்டுப் புது டிஸ்க் வாங்கிவரச் செய்தார். பொட்டு வைத்த டிஸ்க் ஒவ்வொன்றையும், உள்ளே இருக்கிறது இருக்கிறபடி, புதியதில் காப்பி எடுக்கத் தொடங்கினார். அது மாட்டுக்கு ஒரு நாள், ரெண்டு நாள் என்று ஓடியது. விற்ற கம்பெனிக்காரர் போனில், “வரிசையை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க, எதிலயாவது எந்திரிச்சிரும்” என்றார். முதலாளி, “அப்படிப் பண்ணித்தான் பாப்பமே மேடம்” என்று கெஞ்சினார்.

“தப்பான வரிசையில எந்திரிச்சுச்சுன்னா அது சும்மா இருக்காது அண்ணாச்சி. தப்புக் கணக்கைப் போட்டு எல்லாத்து மேலயும் எழுதிரும். அப்புறம் நானே நினைச்சாலும் முடியாது. ஒரிஜினல்ல கை வைக்கிற உரிமை உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. காப்பியில என்ன வேணும்னாலும் செய்வோம்.”

காப்பி முடிந்தது. இனி எட்டின் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு டிஸ்கை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று யோசித்தாலே தலை சுற்றுகிறது. மேடம் என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, நம்மகிட்ட இருக்கிறதுலயே ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே வரிசையா ஓடுற ஃபைல் எது?”

“தேதி காலண்டர்தான் மேடம். ஜனவரி ஒண்ணுல இருந்து டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் திதி, நட்சத்திரம், ராகு காலம்னு ஒரே ஃபைல்.”

அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். அந்த ஃபைலும் துண்டு துண்டாகத்தானே எட்டு டிஸ்கிலும் கிடக்கும்? ஒரு துண்டு எந்தத் தேதியில் அறுந்து நிற்கிறதோ, அதற்கு அடுத்த தேதியில் தொடங்குகிற துண்டு எந்த டிஸ்கில் இருக்கிறதோ, அதுதான் பக்கத்து டிஸ்க். ஒவ்வொன்றாகத் திரையில் திறந்தார். நம் தமிழ் எழுத்தெல்லாம் கோணல்மாணலான இங்கிலீஷ் குறிகளாகத் தெரிந்தன. எண்கள் மட்டும் எண்களாகவே இருந்தன. நடுநடுவே, அந்த எட்டாவது எடைச் சீட்டு மாதிரி கூட்டல் கணக்கு எழுதிய துண்டுகள் கோழி கிறுக்கினது போல வந்தன, அவற்றைத் தள்ளிவிட்டோம்.

தேதி எண்ணே பாதியில் வெட்டுப்பட்டு நின்ற இடங்களில் எங்களுக்குத் துணைக்கு வந்தது ராகு காலம். ஒரு துண்டு மூன்று – நாலரையோடு முடிந்தது. “இது என்ன கிழமைண்ணே?” என்றார்.

“செவ்வாய். அடுத்தது புதன், பன்னிரண்டு – ஒண்ணரைன்னு இருக்கணும்.”

“இருக்கு, இந்தா இருக்கு! அப்ப இதுக்குப் பக்கத்துல இது.”

அரை நாளில் ஏழு கிழமை ராகு காலமும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், “ஏழரை – ஒன்பது, திங்கள். வெரசா அடுத்ததைத் திறங்கண்ணே” என்பார். “என்ன மேடம், ஜோசியம் பாக்கக் கிளம்பிருவீக போலிருக்கே” என்றேன். “இந்த வேலை போச்சுன்னா அதான் பாக்கணும்” என்று சிரித்தார். நடப்பு வருஷத்து ஃபைலும் வரப்போகிற வருஷத்து ஃபைலும் ஒரே வரிசையைத்தான் சொன்னபோது, மேடம் கண்ணாடியைக் கழற்றி முக்காட்டால் துடைத்தார்.  இத்தனை வருஷம் அந்த ஃபைலைத் தப்பில்லாமல் அடிக்க வேண்டுமே என்று அதைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தவன் நான். அதற்குள் இப்படி ஒரு வழி இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்?

வெள்ளிக்கிழமை முற்பகல் காப்பி டிஸ்குகளை அந்த வரிசையில் பெட்டிக்குள் சொருகி முடித்தார். ஸ்விட்ச் போட வேண்டியதுதான் பாக்கி. முதலாளி, பெட்டி இருந்த அறையின் வாசலில் வந்து நின்று கையைப் பிசைந்தார். இந்த நாலு நாளில் பாதி ஆளாகியிருந்தார். “மேடம், தப்பா நினைக்காதீக. இப்ப… ராகு காலம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்த வேலை போதாதா இவருக்கு என்று நினைத்தேன். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஆமா அண்ணாச்சி, பத்தரை – பன்னிரண்டு, வெள்ளி. நான்தான் மறந்துட்டேன். நாலு நாள் காத்திருந்துட்டோம், இதுக்கு என்ன? நானும் மத்தியான லுஹர் தொழுதுட்டு வந்திர்றேன். அதுக்கு அப்புறம் நீங்களே வந்து போடுங்க” என்றார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவரை அன்றைக்கு ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் கேட்க யாருமில்லை. மேடம் அதைச் செய்யவில்லை.

மேடம் தொழுதுவிட்டு வந்தார். முதலாளி ஸ்விட்சைப் போட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. டிசைன் பிரிவிலிருந்து, “மேடம், முருகன் வந்துட்டார்!” என்று ஒருத்தி கூவினாள். பிறகு லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மக்கா படம், கடைப் பெயர்கள் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. முதலாளி சத்தம் போட்டு அழுதார். நான் பைண்டிங் பக்கம் ஓடினேன். அன்று அந்தப் பெண்கள் வேன் ஏறினார்கள், ஆனால் ஆமத்தூருக்குத்தான். சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு முதலாளி வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் வந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு மேடம் சொன்னார்: “அண்ணே, உப்புக் கம்மி.”

அடுத்த ஆயுத பூஜைக்குள் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. கதவில் மேடமே எட்டு ஸ்டிக்கர் பொட்டு வரிசையாக ஒட்டி, “அண்ணாச்சி, இந்தா இங்கன சந்தனம் வைங்க. இதுக்கு அங்கிட்டு நீங்க வரக்கூடாது” என்றார். டேப் கருவியும் புதிதாக வந்தது. கடைசியாக, போன வருஷம், ஒன்பதாவதாக ஒரு டிஸ்க் கேட்டார். அதில் எதுவும் எழுதப்படாது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். “சும்மா இருக்கிறதுக்கு எதுக்கு மேடம் கரண்ட்?” என்று முதலாளி இழுத்தார். “ஸ்டெப்னி இல்லாம லோடு லாரியை அனுப்புவீகளா அண்ணாச்சி?” என்று மேடம் கேட்டார். டிஸ்க் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விருதுநகருக்குப் போனோம். அச்சகத்தை மூடவில்லை, சாகுலே மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது அவர் அக்காவுக்குப் பிடிக்காதாம். பைண்டிங் பெண்கள் முகம் பார்க்க வேண்டும் என்று வந்ததால் கம்பெனி வேனிலேயே போனோம். மேடத்தின் முகம் தூங்குகிற மாதிரி இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பும்போது வேனில் மாரியம்மாள் கேட்டாள். “அண்ணாச்சி, இம்புட்டு வருஷமா கேக்கணும்னு நினைப்பேன். எந்நேரமும் அந்தக் குளுகுளு ரூமுக்குள்ளயே இருப்பாக. அவுக என்ன வேலைதான் பாத்தாக?”

 உன்னை மருந்து வேன் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டவர் என்று சொல்லியிருக்கலாம். “நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

மேடம், உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். புதன்கிழமை காலை உங்கள் அறையைத் திறந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு டிஸ்கில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலாவது டிஸ்க் செத்திருந்தது. திரையில் பார்த்தேன். செவ்வாய் மத்தியானம், நாங்கள் உங்கள் வீட்டு வாசலில் நின்ற நேரத்தில் அது போயிருக்கிறது. போன கையோடு ஸ்டெப்னி உள்ளே இறங்கி, மற்ற ஏழிடமும் கணக்குக் கேட்டு, செத்ததில் இருந்த அத்தனையையும் தன் மேல் எழுதி முடித்துவிட்டது. டிசைனில் அன்று வேலை பார்த்த பிள்ளைகளைக் கேட்டேன். ஒருத்திக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு படம்கூடத் திறக்கத் தாமதமாகவில்லையாம்.

மாரியம்மாளைக் கூட்டிவந்து அந்த மஞ்சள் விளக்கைக் காட்டினேன். நேற்று இது செத்துப்போனது, நமக்கு யாருக்கும் தெரியவில்லை, வேலை நிற்கவில்லை, இப்படி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை என்று எனக்குத் தெரிந்தவரைக்கும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

“அப்ப நேத்தும் அவுக வேலைக்கு வந்துட்டுத்தான் போயிருக்காக” என்றாள்.

வந்துட்டுத்தான் போயிருக்கீக மேடம். இன்றிலிருந்து உங்களுக்கு லீவு.